ஒரு சொல் வர 32 ஆண்டுகள்

1789 மார்ச்சில், அமெரிக்காவின் முதல் அதிபராகப் போகிறவர் கடன் வாங்கினார். ஜார்ஜ் வாஷிங்டனிடம் நிலம் நிறைய இருந்தது. கையில் ரொக்கம் இல்லை. பழைய பாக்கிகளை அடைக்க 500 பவுண்ட், நியூயார்க் போய்ச் சேரும் செலவுக்கு மேலும் 100 பவுண்ட். ஏப்ரல் 30 அன்று அங்கே ஃபெடரல் ஹால் மாடத்தில் பதவிப் பிரமாணம் எடுக்க நின்றபோது இன்னொரு குறை தெரிந்தது: பைபிள் இல்லை. பக்கத்திலிருந்த செயின்ட் ஜான்ஸ் ஃப்ரீமேசன் சங்கத்திலிருந்து, 1767-இல் லண்டனில் அச்சான பிரதி ஒன்றை அவசரமாக வாங்கி வந்தார்கள். பணமும் கடன், பைபிளும் இரவல்.

அந்தத் தொடக்கக்கால அதிபர்கள் எவ்வளவு பக்தியோடு பேசினார்கள் என்பது அமெரிக்காவில் இன்னும் தீராத வழக்கு. ‘எங்கள் நாடு கிறிஸ்தவ நாடு’ என்பவர்களும் அந்தப் பதவியேற்பு உரைகளிலிருந்துதான் சான்று எடுக்கிறார்கள். ‘அரசுக்கு மதம் இல்லை’ என்பவர்களும் அதே உரைகளிலிருந்துதான் எடுக்கிறார்கள். மேற்கோள் காட்டிச் சண்டையிடுவதை விட எண்ணிப் பார்ப்பது எளிது. கணக்குப் பேரேட்டைத் திறப்போம்.

முதல் பக்கம்: 35 சொற்கள்

வழக்கின் மூல ஆவணம் அரசமைப்புச் சட்டம். அதிபர் எடுக்க வேண்டிய உறுதிமொழியை அது சொல்லுக்குச் சொல் எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆங்கில மூலத்தில் 35 சொற்கள். கடவுளைக் குறிக்கும் சொல் அவற்றில் 0. ‘சத்தியம் செய்கிறேன்’ என்றோ ‘உறுதி கூறுகிறேன்’ என்றோ எது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று விருப்பத் தேர்வும் உண்டு. அரசுப் பதவிக்கு மதச் சோதனை எதுவும் கூடாது என்று 6-ஆம் பிரிவு தடுக்கிறது.

வாஷிங்டன் அந்த 35 சொற்களுக்குப் பிறகு ‘கடவுள் எனக்குத் துணை நிற்பாராக’ என்று தாமாகவே சேர்த்துக்கொண்டார் என்பது பரவலான நம்பிக்கை. அன்றைக்கு உடனிருந்து எழுதியவர்களின் குறிப்புகளில் அது இல்லை. அச்சில் அந்தக் கதை தலைகாட்டுவது 1850-களில், அதாவது 60 ஆண்டுகளுக்கு மேல் கழித்து. சமகாலச் செய்தியே சாட்சியாக நிற்கும் முதல் அதிபர் 1881-இல் பதவியேற்ற செஸ்டர் ஆர்தர். எனவே உறுதிமொழிக் கணக்கில் வாஷிங்டன் பெயருக்கு நேரே எதையும் எழுத இயலாது. அவருடைய பக்தி இருப்பது உரையில்.

பத்து உரைகள், 20,900 சொற்கள்

முதல் ஆறு அதிபர்கள் 1789 முதல் 1825 வரை பத்து பதவியேற்பு உரைகள் ஆற்றினார்கள். பதிப்புக்குப் பதிப்பு சில சொற்கள் கூடியும் குறைந்தும் வருவதால் நீளத்தை முழு எண்ணாக்கித் தருகிறேன். எண்ணிக்கை அனைத்தும் ஆங்கில மூலத்துக்கு உரியது.

1789, வாஷிங்டன்: 1,430
1793, வாஷிங்டன்: 135
1797, ஜான் ஆடம்ஸ்: 2,300
1801, தாமஸ் ஜெபர்சன்: 1,730
1805, ஜெபர்சன்: 2,160
1809, ஜேம்ஸ் மேடிசன்: 1,175
1813, மேடிசன்: 1,210
1817, ஜேம்ஸ் மன்றோ: 3,370
1821, மன்றோ: 4,470
1825, ஜான் குவின்சி ஆடம்ஸ்: 2,910

மொத்தம் சுமார் 20,900. சராசரி ஓர் உரைக்கு 2,090. இவ்வளவு சொற்களில் ‘இயேசு’ என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. ‘கடவுள்’ என்ற சொல் முதல் எட்டு உரைகளில் இல்லை; ஒன்பதாவது உரையில்தான், 1821-இல், முதல் தடவையாக வருகிறது. முதல் பதவியேற்பு நடந்து 32 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதைக் கொண்டு அவர்கள் நாத்திகர்கள் என்று முடிவுகட்டினால் கணக்கு தப்பும். சொல்தான் இல்லை, ஆள் இருக்கிறார், அதுவும் வேறு வேறு பெயர்களில்.

வாஷிங்டன்: 418-உம் சுழியமும்

முதல் உரையில் வாஷிங்டன் அழைத்த பெயர்களை எண்ணினால் ஐந்து தேறும்: பிரபஞ்சத்தை ஆளும் எல்லாம் வல்லவர், நன்மைகள் அனைத்தையும் ஆக்கிய பெரும் படைப்பாளர், மனிதர் விவகாரங்களை நடத்தும் கண்ணுக்குத் தெரியாத கரம், வானுலகம், மனித குலத்தின் பெற்றோர். ஆங்கிலிக்கன் வீட்டிலும் ஃப்ரீமேசன் கூடத்திலும் ஒரே நேரத்தில் சொல்லக்கூடிய பெயர்கள் இவை. எந்தச் சபையும் ‘இவர் எங்களவர்’ என்று உரிமை கொண்டாட முடியாது. எந்தச் சபைக்கும் மனம் நோகாது.

உரையில் மொத்தம் ஆறு பத்திகள். இரண்டாவது பத்தி முழுவதும் பிரார்த்தனையும் நன்றியும். அதில் சுமார் 306 சொற்கள். கடைசிப் பத்தி திரும்பவும் வேண்டுதல். சுமார் 112 சொற்கள். இரண்டும் சேர்ந்து 418, அதாவது உரையில் ஏறத்தாழ 29 சதவீதம். பத்து உரைகளில் வேறெதுவும் இந்த விகிதத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

ஏன் இவ்வளவு? அன்றைய இருப்பைப் பார்த்தால் விளங்கும். அரசமைப்புச் சட்டத்தை ஏற்றிருந்த மாநிலங்கள் 11; வட கரோலினாவும் ரோட் ஐலண்டும் வெளியே நின்றன. உரிமைகளுக்கான திருத்தங்கள் ஒன்றுகூட இல்லை. மத சுதந்திரத்தை உறுதிசெய்யும் முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1791 டிசம்பர் 15-இல். அதிபருக்குச் சம்பளம் எவ்வளவு என்றுகூட நிர்ணயிக்கவில்லை. சட்டம், கருவூலம், முன்னுதாரணம் எதுவும் கையில் இல்லாத ஓர் அரசு, தனக்கு மேலான ஒன்றை முன்னிறுத்திக் கொள்வது இயல்பு. புதுக்கடை திறக்கும் நாளில் பூஜை பலமாக இருப்பதைப் போல.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே மனிதர் பிலடெல்பியாவில் இரண்டாவது தடவை பதவியேற்றபோது பேசியது 135 சொற்கள், நான்கே வாக்கியங்கள். அமெரிக்க வரலாற்றில் இன்றுவரை இதுதான் மிகச் சிறிய பதவியேற்பு உரை. கடவுளைப் பற்றிய குறிப்பு: சுழியம். பிரமாணத்தை மீறினால் அரசமைப்புச் சட்டம் தரும் தண்டனையோடு, கூடியிருக்கும் நீங்களும் என்னைப் பழிக்கலாம் என்று முடித்துக்கொண்டார். 1789-இல் சாட்சியாக நின்றவர் வானுலகில் இருந்தார். 1793-இல் சாட்சிகள் எதிரே நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள். முதல் உரையின் பிரார்த்தனை மட்டுமே இரண்டாவது உரை முழுவதையும் விட மூன்று மடங்கு நீளம். ஒருவரின் பக்தி நான்கு ஆண்டுகளில் வற்றிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. வற்றியது தேவை.

ஆடம்ஸ்: 737 சொல் வாக்கியமும் 98 நாளும்

1797 மார்ச் 4-இல் பேசிய ஜான் ஆடம்ஸ் ஒரே வாக்கியத்தில் 737 சொற்களை அடுக்கினார். ‘இது இருந்தால், அது இருந்தால்’ என்று தம் தகுதிகளைச் சொல்லிக்கொண்டே போகும் அந்த வாக்கியத்தின் வால்பகுதியில், தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் மக்களின் மதத்தை மதிக்கிறேன் என்றும், கிறிஸ்தவத்தின் மீது தகுந்த மரியாதை வைத்திருப்பது அரசுப் பணிக்கு நல்ல சிபாரிசு என்றும் சொன்னார். மதத்தைப் பெயர் சொல்லிப் புகழ்ந்த உரை இது. முடிவில் 53 சொற்களில் ஒரு வேண்டுதல். அதற்குள் நான்கு பட்டங்கள்: அனைத்துக்கும் மேலானவர், ஒழுங்கின் புரவலர், நீதியின் ஊற்று, நல்லொழுக்கச் சுதந்திரத்தின் காவலர்.

பேரேட்டின் எதிர்ப்பக்கம் உடனே வந்தது. திரிப்போலியுடன் முந்தைய ஆண்டு கையெழுத்தான உடன்படிக்கை செனட்டுக்கு வந்தது. அதன் ஆங்கில வாசகத்தின் 11-ஆம் பிரிவு, அமெரிக்க அரசு எந்த விதத்திலும் கிறிஸ்தவ மதத்தின் மீது நிறுவப்பட்டதல்ல என்கிறது. ஜூன் 7-இல் வாக்களித்த 23 செனட்டர்களும் ஆதரித்தார்கள், எதிர்ப்பு 0. ஜூன் 10-இல் ஆடம்ஸ் ஒப்பமிட்டார். கிறிஸ்தவத்தை மேடையில் மதித்த நாளிலிருந்து 98-ஆவது நாள் அது. தனிமனிதனாகத் தாம் மதிப்பது வேறு, அரசு நிற்கும் அடித்தளம் வேறு என்று அவர் பிரித்துப் பார்த்திருந்தால் இரண்டிலும் முரண் இல்லை.

ஜெபர்சன்: 30, பிறகு 110

1800 தேர்தலில் ஜெபர்சனின் எதிரணிப் பத்திரிகை ஒன்று வாக்காளர்களிடம் கேட்ட கேள்வி இது: கடவுளும் பக்தியுள்ள அதிபரும் வேண்டுமா, கடவுள் இல்லாமல் ஜெபர்சன் வேண்டுமா? தேர்வாளர் வாக்கு எண்ணிக்கை: ஜெபர்சன் 73, அவர் அணியைச் சேர்ந்த ஆரன் பர் 73, ஆடம்ஸ் 65. சமநிலையை உடைக்கப் பிரதிநிதிகள் சபை 36 சுற்று வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது.

‘கடவுள் இல்லாதவர்’ 1801-இல் என்ன பேசினார்? மனிதரின் இவ்வுலக இன்பத்திலும் மறுவுலக இன்பத்திலும் மகிழும் தெய்வப் பராமரிப்பை நாம் வணங்குகிறோம் என்றார். பல வடிவங்களில் பின்பற்றப்பட்டாலும் நேர்மையையும் உண்மையையும் மனிதநேயத்தையும் கற்பிக்கும் மதம் நமக்கு வாய்த்திருக்கிறது என்றார். மத சகிப்பின்மையை நாட்டைவிட்டுத் துரத்திவிட்டோம், அரசியல் சகிப்பின்மையை விட்டுவைத்தால் என்ன பயன் என்றும் கேட்டார். முடிவு வேண்டுதல் வெறும் 30 சொற்கள்.

1805-இல் அது 110 ஆனது. பழைய இஸ்ரவேலரைப் போல நம் முன்னோரைத் தாயகத்திலிருந்து அழைத்து வந்து வளமான நாட்டில் நட்டவர் என்று யாத்திராகமத்தையே கையில் எடுத்தார். பக்திமான் ஆடம்ஸின் இறுதி வேண்டுதல் 53. நாத்திகர் என்று ஏசப்பட்டவருடையது அதைப் போல் இரு மடங்கு. அதே உரையில், மத அனுஷ்டானங்களை விதிக்கும் அதிகாரத்தை அரசமைப்பு மத்திய அரசுக்குத் தரவில்லை, ஆகவே நான் எதையும் விதிக்கவில்லை என்றும் ஒரு பத்தி எழுதிவைத்தார். வேண்டுதலைத் தாராளமாக்கி அதிகாரத்தைச் சுருக்கியதில்தான் ஜெபர்சன் இருக்கிறார்.

இந்த இடத்தில் இன்னொரு எண்ணையும் எழுதாமல் போனால் பேரேடு பொய்யாகிவிடும். 1790 மக்கள்தொகைக் கணக்கில் அமெரிக்காவில் அடிமைகள் ஏறத்தாழ 7 லட்சம். 1820-இல் 15 லட்சத்துக்கும் மேல். ஆறு அதிபர்களில் வாஷிங்டன், ஜெபர்சன், மேடிசன், மன்றோ நால்வரும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்கள். தாயகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் என்ற வரியைக் கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியோடு வந்தவர்கள் கேட்டிருந்தால் அதில் தங்கள் கதையைத் தேடியிருப்பார்கள். ஜெபர்சன் சொன்ன இஸ்ரவேலர் அவர்கள் இல்லை.

மேடிசன்: 500 டாலரும் இரண்டு மறுப்பும்

மேடிசன் 1809-இல் நாடுகளின் விதியை நடத்தும் எல்லாம் வல்லவரை ஏறத்தாழ 50 சொற்களில் வணங்கி முடித்தார். மனசாட்சியின் உரிமையிலும் மதத்தின் பணிகளிலும் அரசு துளிகூடத் தலையிடக் கூடாது என்பதையும் தம் கடமைப் பட்டியலில் சேர்த்தார். 1813-இல் பிரிட்டனோடு போர் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் நியாயம் இருப்பதால் வானுலகின் புன்னகை கிட்டும் என்று ஒரு தொடரோடு நிறுத்திக்கொண்டார். போர்க்காலத்தில் பக்தி பொங்கும் என்பார்கள். மேடிசனின் உரையில் அது சுருங்கியது.

அவருடைய உண்மையான கணக்கு உரைக்கு வெளியே இருக்கிறது. 1789-இல் நாடாளுமன்றம் தன் அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு குருவை நியமித்து, ஆண்டுச் சம்பளம் 500 டாலர் என்று வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அதிபருக்கு நிர்ணயித்த சம்பளம் 25,000 டாலர். குருவின் சம்பளம் அதில் 2 சதவீதம். உறுப்பினரின் நாட்படி 6 டாலர் என்பதால், குருவுக்கு ஏறத்தாழ 83 நாள் படிக்குச் சமம். அன்று பிரதிநிதியாக இருந்த மேடிசன், முதுமையில் எழுதிய குறிப்பில், மக்கள் வரிப்பணத்தில் குருவுக்குக் கூலி கொடுப்பது அரசமைப்புக்கு ஒவ்வாது என்று எழுதினார். தொகை சிறியது என்பதால் தத்துவம் சிறியதாகிவிடாது என்பது அவர் கருத்து.

அதிபராக இருந்தபோது அவர் ஒப்புதல் மறுத்த மசோதாக்கள் ஏழில் இரண்டு மதம் தொடர்பானவை. 1811 பிப்ரவரி 21: அலெக்சாண்ட்ரியாவின் எபிஸ்கோபல் திருச்சபையைச் சட்டப்படி நிறுவும் மசோதா. பிப்ரவரி 28: மிசிசிப்பி பகுதியில் ஒரு பாப்டிஸ்ட் சபைக்கு நிலம் ஒதுக்கும் மசோதா. ஏழு நாள் இடைவெளியில் இரண்டுக்கும் ஒப்புதல் மறுத்தார்.

மன்றோ: ஒரு ஞாயிறு, ஒரு சொல்

1821 மார்ச் 4 ஞாயிற்றுக்கிழமை. பதவியேற்பு நாள் ஓய்வுநாளில் விழுந்தது இதுவே முதல் தடவை. மன்றோ உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் கலந்தாலோசித்து விழாவைத் திங்களுக்குத் தள்ளிவைத்தார். சென்ற தேர்தலில் அவருக்குக் கிடைத்தது பதிவான 232-இல் 231 வாக்கு. அவரை எதிர்க்க ஆளே இல்லை. 4,470 சொற்கள் பேசினார். துறைமுகக் கோட்டைகள், வருவாய், கடற்படை, ஸ்பெயினுடன் ஃபுளோரிடா ஒப்பந்தம் என்று நீண்ட நிர்வாக அறிக்கை அது. கடைசி வாக்கியத்தில் எல்லாம் வல்ல கடவுளின் பாதுகாப்பை உறுதியாக நம்பிப் பணியைத் தொடங்குகிறேன் என்றார். 32 ஆண்டுகள் வராத சொல் ஆரவாரமில்லாமல் வந்து அமர்ந்தது. அன்று அதை யாரும் விழா எடுத்துக் கொண்டாடவில்லை. வாஷிங்டனின் 418 சொற்களில் இருந்த கனம் இந்த ஒரு சொல்லில் இல்லை. அது ஏற்கெனவே சம்பிரதாயமாகியிருந்தது.

குவின்சி ஆடம்ஸ்: சட்டப் புத்தகமும் 127-ஆம் சங்கீதமும்

1825-இல் வந்த ஜான் குவின்சி ஆடம்ஸுக்குத் தேர்வாளர் வாக்கு 84. ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99. ஒருவருக்கும் பெரும்பான்மை இல்லாததால் பிரதிநிதிகள் சபை தீர்மானித்தது. 24 மாநிலங்களில் 13 அவருக்கு. முன்னவர்களை விட உங்கள் நம்பிக்கையைக் குறைவாகவே பெற்றவன் நான் என்று உரையிலேயே ஒப்புக்கொண்டார்.

நாள் தவறாமல் காலையில் பைபிள் வாசிப்பவர் அவர். பிரமாணம் எடுத்தபோது கையில் இருந்ததோ ஒரு சட்டத் தொகுப்பு. இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். உரையை ‘உங்கள் முன்னிலையிலும் வானுலகின் முன்னிலையிலும் மதக் கடமையால் என்னைப் பிணைத்துக்கொள்கிறேன்’ என்ற பொருளில் தொடங்கி, முடிவில் 127-ஆம் சங்கீதத்திலிருந்து நகரத்தைக் காக்கும் காவலாளியைப் பற்றிய வரியைச் சொன்னார். பைபிளைக் கையில் வைக்காமல் வாயில் வைத்துக்கொண்டவர். கை தொட வேண்டியது சட்டம் என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கக் கூட்டல்

பேச்சுக்குச் செலவு இல்லை; செயலுக்கு உண்டு. தேசிய நோன்பு நாள், நன்றி நாள் என்று அதிபர்கள் வெளியிட்ட அறிவிப்புகளை எண்ணினால் வாஷிங்டன் 2, ஆடம்ஸ் 2, ஜெபர்சன் 8 ஆண்டில் 0, மேடிசன் 4. மேடிசனின் நான்கும் 1812-க்கும் 1815-க்கும் இடையில், போரையொட்டி நாடாளுமன்றம் கேட்டு வந்தவை; பிற்காலத்தில் அவருக்கே அவற்றில் மனம் ஒப்பவில்லை. ஆடம்ஸ் தம் இரண்டுக்குக் கொடுத்த விலை இன்னும் பெரிது. அரசு ஒரு திருச்சபையை நாட்டின் மீது சுமத்தப் போகிறது என்ற அச்சத்தில் பாப்டிஸ்ட், குவேக்கர் போன்ற சபையினர் தம்மைக் கைவிட்டார்கள் என்றும், அந்த நோன்பு அறிவிப்புதான் தம்மைப் பதவியிலிருந்து இறக்கியது என்றும் 1812-இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். கணக்கில் இதைப் பக்தியின் நட்டம் என்று எழுதுவது தவறு. பக்தியுள்ளவர்களே அரசின் பக்தியைக் கண்டு பயந்தார்கள்.

அந்தப் பயம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு பாலாடைக்கட்டி சாட்சி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அன்று வரிப்பணம் பெறும் திருச்சபை இருந்தது. 1833 வரை இருக்கப்போகிறது. அங்கே செஷயர் என்ற ஊரின் பாப்டிஸ்ட் விவசாயிகள், போதகர் ஜான் லேலண்டின் தூண்டுதலில், ‘நாத்திகர்’ ஜெபர்சனுக்கு ஒரு பாலாடைக்கட்டி செய்து அனுப்பினார்கள். எடை 1,235 பவுண்ட், நம் கணக்கில் 560 கிலோ. 1802 ஜனவரி 1-ஆம் தேதி லேலண்ட் அதை அதிபர் மாளிகையில் ஒப்படைத்தார். அதே தேதியிட்டுத்தான் ஜெபர்சன் டான்பரி பாப்டிஸ்ட்டுகளுக்கு அரசுக்கும் திருச்சபைக்கும் நடுவிலான மதில் பற்றிய கடிதத்தை அனுப்பினார். இரண்டு நாள் கழித்து, ஜனவரி 3 ஞாயிறு, பிரதிநிதிகள் சபை மண்டபத்தில் லேலண்ட் பிரசங்கம் செய்தார். மதில் கட்டியவர் போய் அமர்ந்து கேட்டார்.

பாலாடைக்கட்டியை அவர் இலவசமாக வைத்துக்கொள்ளவில்லை. தம் சொந்தக் கணக்குப் புத்தகத்தில், எடையையும் குறித்து, லேலண்டுக்கு 200 டாலர் கொடுத்ததாக எழுதிவைத்திருக்கிறார். பவுண்டுக்கு 16 சென்ட். பத்து உரைகளின் 20,900 சொற்களிலும் எத்தனையோ பெயர்களில் வணக்கம் இருக்கிறது. அவற்றில் எதற்கும் யாரும் விலை கொடுக்கவில்லை. இந்த ஒரு வரவுக்கு மட்டும் ரசீது உண்டு.